இடது கதவு

பனிக்காலம் வந்தால் எங்கள் வண்டியின்
இடது கதவு திறக்காது.
பிள்ளைகள் மூவரும் வலப்பக்கமே ஏறி
ஒருவர் மடியை ஒருவர் மிதித்துத்தான்
அவரவர் இடத்துக்குப் போக வேண்டும்.
பதினோரு வருஷத்து டாட்ஜ். மெரூன் நிறம்.
சக்கரத்துக்கு மேலே உப்பு தின்ற ஓட்டையில்
ரெமி ஒருநாள் விரலை விட்டு, உடைத்து,
"அப்பா, இது பிஸ்கட்" என்றான்.

வேறு வாங்கலாமென்று அக்டோபரில் முடிவு.
நோட்டில் கோடு கிழித்துக் கட்டம் போட்டேன்:
விலை, பெட்ரோல் செலவு,
மூன்றாம் வரிசையில் கால் நீட்ட இடம்,
ரெமியின் ஹாக்கிப் பை நிற்குமா, கிடக்குமா.
(கோல் காக்கிறவனின் பை. அதற்குள் ரெமியையே
இரண்டாக மடித்து வைக்கலாம்.
அதன் நாற்றத்துக்கும் ஒரு கட்டம்.)

ஜோஸே நோட்டைப் பார்க்கவில்லை.
விண்ட்சர் ஆலையில், நள்ளிரவு ஷிப்டில்,
ஒன்பது வருஷமாக
இடது கதவு மாட்டுகிறவள் அவள்.
தடத்தில் உருளையைச் சேர்த்து, மூன்று போல்ட்,
ஒரு தள்ளு.
ஐம்பத்திரண்டு விநாடி.
அடுத்தது வந்து நிற்கும்.

ஹோண்டாவில், வண்டிக்குள்ளேயே தூசி உறிஞ்சும் குழாய்.
எலோடி அதைத் தம்பியின் காதில் வைத்தாள்.
விற்பனைக்காரர் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.
டொயோட்டா சத்தமே இல்லாமல் கிளம்பியது;
போகிறோமா நிற்கிறோமா என்று
மரங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.
மைத்துனன் பஸ்கால் சொன்னான்:
"தாராளமாக வாங்கு. சங்கக் கட்டடத்துக்கு வந்தால் மட்டும்
குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்து."
விளையாட்டாகத்தான் சொன்னான்.
அவன் வண்டி எப்போதும் வாசலை ஒட்டி நிற்கும்.

அந்த டொயோட்டாவின் இடது கதவை
ஜோஸே கையால் இழுத்து மூடினாள்.
காதைச் சாய்த்தாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.
ஏழாவது தடவை கடைப்பெண்
"பொத்தான் இருக்கிறதே, மேடம்" என்றாள்.
இவள் ரப்பர் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டு வந்து
ஓரிடத்தில் நிறுத்தி, எனக்கு மட்டும் கேட்க,
"யாரோ ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்" என்றாள்.
பெயர் தெரிந்தால்
கூப்பிட்டே சொல்லியிருப்பாள் போல.

நவம்பரில் அவளுடைய ஷிப்டை நிறுத்தினார்கள்.
ஒரே தாள் கடிதம்.
ஜோஸே என்று பிரெஞ்சில் எழுதும்போது
கடைசி எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கோடு வரும்.
அது இல்லை.
அதைப் பேனாவால் போட்டுவிட்டு
உறைக்குள் திருப்பி வைத்தாள்.
நான் நோட்டின் அடுத்த பக்கத்தில்
வேறு கட்டங்கள் போட்டேன்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன் சம்பளத்துக்கு
அவை சீக்கிரம் நிறைந்தன.

டிசம்பரில், ஊருக்கு வெளியே
ஹதாத்தின் காயலான் கடையில் ஒரு கதவு கிடைத்தது.
நூற்றிருபது டாலர். வெள்ளை.
"மெரூன்தான் வேண்டுமென்றால்
யாராவது இடித்துக்கொள்ளும்வரை காத்திருங்கள்" என்றார்.
ஜோஸே எச்சில் தொட்டு
போல்ட் பதிந்த தடத்தைத் துடைத்துப் பார்த்தாள்.
"நீ மாட்டியதா?"
"சேச்சே. பகல் ஷிப்ட் ஆள் எவனோ.
கடைசி போல்ட்டைச் சாய்த்து முறுக்கியிருக்கிறான்."

வீட்டு முன்னால் முழங்கால் அளவு பனி.
நான் கதவைத் தாங்கிப் பிடித்தேன்.
பிள்ளைகள் கைகளை அக்குளில் செருகி நின்றார்கள்.
பாஸ்டியன் நேரம் பார்த்தான்.
போல்ட் ஒன்று பனிக்குள் விழுந்தது;
ஐந்து பேரும் குனிந்து தேடினோம்.
கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு
அவள் முறுக்கினாள். தள்ளினாள்.
காதைச் சாய்த்தாள்.

"நாற்பத்தோரு நிமிஷம்" என்றான் பாஸ்டியன்.
"அப்போ என்னை நிறுத்தியது சரிதான்"
என்றாள் அவன் அம்மா.

மூவரும் இடப்பக்கமே ஏறினார்கள்,
ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு.
வலது கதவு திறந்தே கிடந்தது.
பனி உள்ளே வந்து
இருக்கையில் உட்கார்ந்தது.