ஐந்தாம் மரத்தில் ஒரு விளக்கு

முஹர்ரக்கில் டிசம்பர்.
பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை.
அருங்காட்சியகக் கூடத்தில் ஏழு மரங்கள்,
ஒன்றிலும் இலை கிடையாது.

குவைத்காரர் செய்தது ஈச்சமரம்.
விபத்தில் நசுங்கிய கார்களின் முகப்பு விளக்குகள்
குலை குலையாய்த் தொங்கும்.
இன்னொன்று முழுக்க ஃப்ரிட்ஜ் கதவுகள்,
திறந்தால் எரியும்.
பிள்ளைகள் திறந்து திறந்து மூடி
மூன்றாம் நாளே கீல் போய்விட்டது.
கீல் என் வேலை இல்லை.
என் வேலை ஒயர், ஹோல்டர், பிரேக்கர்,
எந்த மரம் எத்தனை ஆம்பியர் குடிக்கிறது என்ற கணக்கு.

ஐந்தாம் மரம் பத்ரியாவுடையது.
ஒரே சந்தில் வீடு வீடாய், கடை கடையாய்ப் போய்
ஆளுக்கொரு விளக்கு இரவல் கேட்டாள்.
மேசை விளக்கு, வாசல் விளக்கு,
முடிவெட்டும் கடைக் கண்ணாடிக்கு மேலிருந்தது,
யாரோ குழந்தையின் தொட்டிலோரத்து வாத்து.
நாற்பத்து மூன்று.
இரும்புக் கிளைகளில் ஏற்றியது நான்.

திறப்புக்கு முக்கால் மணி நேரம் இருக்க
சுவிட்சைப் போட்டோம்.
நாற்பத்திரண்டு எரிந்தது.

பச்சைத் தொப்பி போட்ட ஒன்று,
உச்சிக்குச் சற்றுக் கீழே,
அசையவில்லை.
பல்பை மாற்றினேன். இல்லை.
ஏணியை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்,
கம்பளம் விரித்தாகிவிட்டது,
சூப்பர்வைசர் மஹ்ரூஸ் கடிகாரத்தையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்தார்.
பத்ரியா கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றுவிட்டு
'அப்படியே இருக்கட்டும்' என்றாள்.
மறுநாள் காலை பலகையில் ஒரு வரி கூடியிருந்தது,
அரபியிலும் ஆங்கிலத்திலும்:
ஒன்று மட்டும், வேண்டுமென்றே, இருட்டில்.

அப்புறம் பார்க்க வேண்டுமே.
எரிகிற அத்தனையையும் விட்டுவிட்டு
சனம் அதன் கீழேயே நின்றது.
கடலுக்குப் போய்த் திரும்பாதவருக்கு என்றார் ஒருவர்.
பெயர் சொல்ல முடியாத யாருக்கோ என்றாள் ஒரு மாணவி.
தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு
ஒரு பெண் ஒன்றும் சொல்லாமல்
கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
ஷிப்ட் முடிந்த ஒரு ராத்திரி
நானும் போய் நின்றேன்.
என் தம்பி நினைவு வந்தது.
அவனுக்கும் அந்த விளக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எனக்குத்தான் தெரியுமே.
ஏற்றும்போது ஒயர் கிளையில் மாட்டியது.
ஒரு சுண்டு சுண்டினேன்.
தண்டுக்குள்ளே டிக்கென்று ஏதோ விட்டது.
கேட்டது.
கேட்காத மாதிரி அடுத்ததை எடுத்தேன்.

ஜனவரியில் கழற்றினோம்.
ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி
சீட்டைப் பார்த்துப் பார்த்து
அதே சந்தில் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
பச்சைத் தொப்பியின் சீட்டில் எழுதியிருந்தது:
மொக்லிஸ், தையல்காரர்.
நிலை: நன்றாக எரிகிறது.

அபாயா தைக்கிற கடை.
சுவரெல்லாம் கறுப்பு, மடியிலும் கறுப்பு.
'முப்பத்தெட்டு நாள்' என்றார், ஹிந்தியில்,
வணக்கம் சொல்வதற்கு முன்னால்.
மேலே இருக்கிற ட்யூப்லைட்
தன் தலை நிழலைத்தான் ஊசிமேல் போடுகிறதாம்.
கறுப்புத் துணியில் கறுப்பு நூல்.
ராத்திரி வேலை வாங்குவதையே நிறுத்திவிட்டாராம்.

மரத்தில் நல்ல இடத்தில் வைத்தீர்களா என்றார்.
உச்சிக்குப் பக்கத்தில் என்றேன்.
பார்த்தார்களா?
அதைத்தான் பார்த்தார்கள் என்றேன்.

துணிக்குவியலை ஒதுக்கி உட்கார்ந்து
அடித்தட்டைத் திருகிக் கழற்றினேன்.
அறுந்த இடம் மூக்குத்தி அளவு.
ஈயம் வைத்து ஊதினேன்.
பத்து நிமிஷம் ஆகியிருக்காது.

எரிந்தது.
நான் சுவிட்சிலிருந்து கையை எடுப்பதற்குள்
அவர் குனிந்துவிட்டார்,
மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.