ஒன்று புள்ளி ஆறு

இருபது பென்ஸ் நாணயத்தை
டயரின் பள்ளத்தில் நிறுத்திப் பார்த்தார் டோர்மோட்.
விளிம்பு மூழ்கவில்லை.
கணுக்கால் தண்ணீரில் நிற்பவள்போல
அப்படியே வெளியே தெரிந்தது.
"சட்டம் ஒன்று புள்ளி ஆறு மில்லிமீட்டர்.
இது ஒன்றரைகூடத் தேறாது, ஈஷ்பல்.
பின்னிரண்டும் தாங்கும்.
முன்னிரண்டும் போயாச்சு."

வியாழன் மதியம்
காரைத் திரும்ப எடுத்துப்போக ஆள் வருகிறான்.
மூன்று வருடக் குத்தகை, கடைசித் தவணையும் கட்டியாயிற்று.
இன்னும் ஆறே நாள் ஓட்டப்போகும் வண்டிக்குப்
புது டயரா என்று
என்னையே நாலு தடவை கேட்டுக்கொண்டேன்.
ஒப்பந்தத்தின் பதினொன்றாம் பக்கம்
நாலு தடவையும் ஒரே பதில் சொன்னது:
அதே அளவு, அதே தரம்.
தவறினால் அவர்கள் மாட்டுவார்கள்,
அவர்கள் சொல்லும் விலைக்கு.

ஸ்டோர்னோவேயில் அந்த அளவு இருப்பில் இல்லை.
உல்லாபூலிலிருந்து கப்பலேறி வர வேண்டும்.
வெள்ளிக்கிழமை காற்று.
சனிக்கிழமையும் காற்று.
ஞாயிறு கப்பல் வந்தது, டோர்மோட் வரவில்லை;
ஓய்வுநாளில் அவர்
துவைத்த சட்டையைக்கூடக் கொடியில் போடமாட்டார்.
திங்கள் மறுபடி காற்று.

என் வேலை காத்திருக்குமா?
குழாய் குழாயாகப் போய்த் தண்ணீர் பிடிப்பவள் நான்.
பார்வாஸ் பள்ளிக்கூடம்,
நெஸ் பக்கம் மீன் புகையூட்டும் கொட்டகை,
வாடகை தராத ஓவியனின் சமையலறை.
குளோரினுக்கு ஒரு குப்பி, கிருமிக்கு ஒரு குப்பி,
பனிப்பெட்டியில் அடுக்கி
நான்கு மணிக்குள் ஆய்வகத்தில் வைக்க வேண்டும்.

செவ்வாய் காலை, சதுப்பு வளைவில்,
நான் அளக்கிற தண்ணீர்
என்னைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தது.
கையில் ஸ்டீயரிங் இருந்தது,
அதன் கனம் மட்டும் எங்கோ போயிருந்தது.
பின்னால் குப்பிகள் ஒன்றையொன்று தட்டி விசாரித்தன.
ஒரு ஆடு நிமிர்ந்து பார்த்துவிட்டு
மறுபடி மேய்ந்தது.

மதியம் வந்து சேர்ந்தன இரண்டும்,
உடம்பெல்லாம் பூனைமீசை போல ரப்பர் முடியோடு.
பழையவற்றைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார் டோர்மோட்.
வெளி ஓரம் மட்டும் வழுக்கை.
"வளைவில் நீ வேகம் குறைப்பதே இல்லை, ம்?"
என் நாட்குறிப்பை எவரோ சத்தமாகப் படித்ததுபோல்
கூச்சமாக இருந்தது.

பழசை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்,
எதற்கென்று தெரியாமலே.
"அது உன்னுடையதா?" என்றார்.
இருவரும் பதினொன்றாம் பக்கத்தைக்
கிரீஸ் விரலால் தடவித் தடவிப் படித்தோம்.
வண்டி அவர்களுடையது.
அதோடு வந்த டயரும் அவர்களுடையது.
இன்று என் காசில் மாட்டியதும்
நட்டு இறுகிய நொடியிலிருந்து அவர்களுடையது.
பழசைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

எட்டு மில்லிமீட்டராக வந்தது,
ஒன்றரையாகப் போகிறது.
நடுவில் காணாமல் போன ஆறரை
சந்தேகமில்லாமல் என்னுடையது.
தார்ச்சாலையில் பொடியாக உதிர்ந்து,
மழையில் வழிந்து, ஓடையில் இறங்கி,
ஒருவேளை என் குப்பிக்குள்ளேயே ஏறி
மூடியை நானே திருகியிருப்பேன்.
அதைப் பார்க்க எங்கள் ஆய்வகத்தில் சோதனை கிடையாது.

வியாழனன்று வந்த பையன்
கதவின் கீறலைப் படமெடுத்தான், இருக்கையை முகர்ந்தான்.
முன் டயரில் ஊசியை இறக்கி
'எட்டு' என்று எழுதிக்கொண்டான்,
வேறு முகபாவம் இல்லை.
பிறகு கேட்டான்:
"பூட்டு நட்டின் சாவி எங்கே?"

டோர்மோட்டின் அலமாரியில்.
தொலைபேசியில் திட்டிக்கொண்டே கொண்டுவந்து தந்தார்.
பையன் போனபின் சொன்னார்,
உன் டயர் இரண்டையும்
தம்பியின் கரிமண் குவியல்மேல் போட்டுவிட்டேன்,
தார்ப்பாய் பறக்காமலிருக்க.

பேருந்தில் வீடு திரும்பும்போது பார்த்தேன்.
காற்று தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தது.