படிவத்தின் ஒன்பதாம் பக்கம்

பள்ளிவாசல் மாடிக்கு
மீன் நிறுக்கும் தராசு வந்திருக்கிறது,
சௌராஸ்டா மார்க்கெட்டிலிருந்து இரவல்.
எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும்
கொடுவா வாடை போகவில்லை.
ஆளுக்கு இருபத்து மூன்று கிலோ.
என் துணிக்கு அதில் நாலு.
மிச்சமெல்லாம் தையல் நூல், கையுறை, கட்டுத்துணி,
மூன்று முத்திரை குத்திய கடிதத்தோடு மயக்க மருந்து.

டாக்டர் பத்ருஸ்ஸமான்
காலாவதித் தேதிகளை உரக்கப் படிக்கிறார்.
ஒரு பெட்டி அடுத்த மாதத்தோடு முடிகிறது.
வைக்கவா, எடுக்கவா?
‘அங்கே அடுத்த மாதம்வரை எதுவும் மிஞ்சாது’
என்றேன்.
மருந்தைத்தான் சொன்னேன்.
மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது கொஞ்ச நேரம்.

இமாம் நிய்யத்தைச் சரிபார்த்துக்கொள்ளச் சொன்னார்.
பார்த்தேன்.
அல்லாஹ்வுக்காக என்று ஒரு பங்கு.
கைப்பேசியில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு
சோறு பிசைய முடியாமல் போன இரவுகளுக்காக ஒரு பங்கு.
இருபத்தாறு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில்
வயிற்றை மூடுமுன் பஞ்சு எண்ணிச் சொன்ன என் குரலை
வேறெங்காவது கேட்டுப் பார்க்கும் ஆசையும்
ஓரத்தில் கிடந்தது.
எடுத்துப் போடவில்லை.
அவனுக்குத் தெரியும், இருக்கட்டும்.

படிவம் பன்னிரண்டு பக்கம்.
இரத்த வகை. அடைத்த பல் எந்தப் பக்கம்.
எட்டாம் பக்கத்தில்:
மரணம் நேர்ந்தால் அங்கேயே அடக்கமா, இங்கே கொண்டுவரவா?
அங்கேயே.
காப்பி ஆறுவதற்குள் கோடு போட்டுவிட்டேன்.

ஒன்பதில்தான் பேனா நின்றது.
பிடித்து வைக்கப்பட்டால்
உயிரோடிருப்பது நீங்கள்தான் என்று உறுதிசெய்ய
ஒரு கேள்வி எழுதவும்.
பதில் உங்களுக்கும் வீட்டில் இன்னொருவருக்கும் மட்டுமே
தெரிந்திருக்க வேண்டும்.

ஜெலுத்தோங் பிளாட், பதினான்காம் மாடி.
லியாக்கத் என் பையின் ஜிப்புக்கு
மெழுகுவத்தி தேய்த்துக்கொண்டிருந்தார்.
பயணம் பற்றி ஒன்பது நாளாகப் பேச்சில்லை;
ஃபெரி எஞ்சினுக்குக் காட்டும் கவனமெல்லாம்
அந்த ஜிப்புக்கு.
படித்துக் காட்டினேன்.

மஹர் எவ்வளவு?
பதிவேட்டில் இருக்கிறது.
மூத்தவனுக்கு முதலில் வைக்க நினைத்த பெயர்?
நாத்தனார் ஊரெல்லாம் சொல்லியாயிற்று.
அவர் குறட்டை?
பக்கத்து வீட்டு மேடம் கூய்க்கே தெரியும்.
இருபத்தைந்து வருஷத்தில்
இரண்டு பேருக்கு மட்டுமென்று
ஒன்றையும் சேர்த்துவைக்கவில்லையோ என்று
வெட்கமாக இருந்தது.

அவர் மெழுகைக் கீழே வைத்தார்.
‘கடல் உள்ளே வந்த ஞாயித்துக்கிழமை’ என்றார்,
‘ஃபெரிங்கியில.’

அன்றைக்கு அவர் என் கையை விட்டுவிட்டு ஓடினார்.
மேட்டுச் சாலை வரைக்கும், திரும்பிப் பார்க்காமல்,
ஒரே ஒரு பொருளை மார்போடு அணைத்துக்கொண்டு.
நனைந்த முக்காட்டோடு நான் நடந்து வந்து சேர்ந்தபோது
அதைத்தான் என்னிடம் நீட்டினார்.
இருபது வருஷம்.
ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை,
எங்களுக்குள்ளேயும்.
‘அதையே எழுது, ஜுலைகா.
நான் எதைத் தூக்கிட்டு ஓடினேன்னு.’

எழுதினேன்.
பதில் தனி உறையில்,
பள்ளிவாசல் இரும்புப் பெட்டியில்,
ஜக்காத் ரசீதுகளுக்கு அடியில்.
இங்கேயும் எழுதக் கூடாது; விதி விதிதான்.
இஷாவுக்குப் பிறகு நான் கேட்ட துஆ சிறியது:
யா அல்லாஹ், இந்தக் கேள்வி
யார் வாயிலும் வராமல் இருக்கட்டும்.

காலையில் தராசு முள்
இருபத்திரண்டு கிலோ எண்ணூறில் நின்றது.
இன்னும் இருநூறு கிராம் போகும் என்றார்கள்.
லியாக்கத் பக்கப் பையைத் திறந்து
எதையோ வைத்தார்.
ஜிப் ஒரே இழுப்பில் மூடிக்கொண்டது.
கொடுவா வாடையையும் மீறி
எனக்குத் தெரிந்தது
அது என்னவென்று.