ஒற்றைக் கோடு

கல்முனைக் கடற்கரை வீதியில்
பூட்டிக்கிடந்த கேம்ஸ் கடையிலிருந்து
ஓட்டோவில் சாய்த்துக் கொண்டுவந்த பெட்டி.
சுவிச்சைப் போட்டால்
திரை நடுவே ஒரே வெள்ளைக் கோடு.
மற்றதெல்லாம் இருட்டு.

பிளக்கைக் கழற்றிய பிறகும்
நம்பவில்லை நஸ்மிலா.
"குழாய்க்குள்ள இன்னும் கரண்ட் கிடக்குகா,
ஒரு கையைப் பின்னுக்குக் கட்டு."
கட்டினேன்.
வயர் சுற்றிய ஸ்க்ரூடிரைவர்,
வயரின் மறுமுனை இரும்புச் சட்டத்தில்.
ரப்பர் மூடிக்குள் நுனி போனதும்
டிக்.
இருவரும் கத்தினோம்,
பக்கத்து வளவுக் கோழிகளும்.

உப்புக்காற்று தின்ற ஈயப்பொட்டொன்று
மோதிரம்போல் வெடித்திருந்தது.
உருக்கி ஒட்டினோம்.
மறுகா சுவிச்.
கோடு மேலும் கீழும் விரிந்து
பச்சைக் கப்பலொன்று எழும்பியது,
தலைகீழாக.

சுருளின் வயரை மாற்றிச் செருகியது நான்தான்.
கழற்றவா என்றேன்.
நஸ்மிலா கழுத்தைச் சரித்துக்கொண்டு
அப்படியே சுடத் தொடங்கியிருந்தாள்.