பதினாலு

முத்தியால்பேட்டை, மாடிப்படிக்குக் கீழே
இருநூற்றிருபது கிலோ வண்டி
சைலன்சர் இல்லாமல்.

வெள்ளம் வடிந்து ஆறு நாள்.
டிரெயின் போல்ட்டைத் திருகியதும்
ஆயில் வரவில்லை;
ஏடு படிந்த டீ மாதிரி ஒன்று
அமலோற்பவத்தின் பேசினில் இறங்கியது.
"அது மாவு பேசின்" என்றாள்.
"இனிமே இல்ல" என்றேன்.
பிறகு இரண்டு நாள் பேச்சில்லை.

மூன்றாம் முறை ஆயில் மாற்றுகையில்
டார்ச் பிடிக்க அவளே வந்தாள்.
கிளட்ச் கவரில் பதின்மூன்று ஓட்டை,
என் கையில் பதினாலு போல்ட்.
"திரும்ப எண்ணு" என்றாள். எண்ணினேன்.
பதினாலு.

ஸ்டார்ட் ஆகிவிட்டது.
எதிர்வீட்டு நாய் எழுந்து போய்த்
தள்ளிப் படுத்தது.

அந்த ஒரு போல்ட்
இப்போது உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்.
காலாப்பட்டு ரோட்டில்
பின்னால் உட்கார்ந்தவள்
ஒவ்வொரு குழிக்கும்
என் காதில் கேட்கிறாள்:
"அதுவா?"