பின்வாசல்

பள்ளிக்கூடம் நகரவில்லை.
கேட்டை மட்டும் மாற்றினார்கள்,
கிழக்கே இருந்ததை ஊருணிப் பக்கம்,
பஸ் திரும்ப இடம் வேண்டுமென்று.
மறுநாள் காலையில் எங்கள் தெரு
ஒரு கிலோமீட்டருக்கு வெளியே கிடந்தது.

இலவச இடத்துக்கு மனுப் போடுகிறவர்களுக்கு
அந்த ஒரு கிலோமீட்டர் எல்லைச்சாமி.
எனக்குக் கமிஷன்.
"ஸ்கூல் வட்டத்துக்குள்ள வருதா?"
தேவகோட்டையில் வீடு தேடி வருகிறவர்கள்
தண்ணீரை இரண்டாவதாகத்தான் கேட்கிறார்கள்.

கடன் வாங்கி மாடி எழுப்பிய சேவுகப்பெருமாள்
பலகையில் ஏழாயிரத்தை அழித்து ஆறு எழுதினார்,
ஆறை அழித்து ஐந்தரை.
பிறகு எண்ணே இல்லை, 'வாடகைக்கு' மட்டும்.
ஊருணிக்கு அந்தப்பக்கம்
கருவேலம் மண்டிய மனையைக் காட்டி
சென்ட் நாலு லட்சம் என்கிறான் ஒருவன்,
வாய்ப் பாக்கைத் துப்பாமலே.

பேக்கரியில் மாவு பிசைகிற ஆரோக்கியம்
மகளைப் பெட்ரோல் டேங்கில் உட்காரவைத்து
போனைப் பார்த்தபடி மூன்று தடவை ஓட்டினான்.
ஆயிரத்து நாற்பது.
ஆயிரத்து நாற்பது.
குறுக்குச் சந்தில் புகுந்தும்
ஆயிரத்து முப்பத்தெட்டு.
"நாப்பது மீட்டர்தாண்ணே,"
கைமாற்று கேட்கிற குரல்.

அப்போதுதான் அந்த வீடு ஞாபகம் வந்தது.
எங்கள் தெருவில் முகப்பு,
அடுத்த தெருவில் பின்வாசல்,
நடுவே அறுபது மீட்டர் வீடு,
பதினொரு பங்காளிகள்.
தேக்குத் தூண் உள்ள முகப்புப் பங்கு வயிரவனுக்கு.
விறகும் உடைந்த அண்டாவும் கிடந்த பின்கட்டு
ஈப்போவில் இருக்கும் ஒருவருக்கு.
போன் போட்டேன்.
"அதுக்குமா வாடகை?" என்று சிரித்தார்.
தொகையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

நகராட்சியில் பின்வாசலுக்குத் தனி எண் வாங்க
நாற்பது நாள், நாலு கையெழுத்து.
வயிரவன் ஆட்சேபணை எழுதினார்:
வீட்டுக்கு முகம் ஒன்றுதான்.
எழுதியதன் நகலை எனக்கே கொடுத்துவிட்டு
மெதுவாகக் கேட்டார்,
முகப்புக்கு ஆள் கிடைக்குமா.

எட்டு இடம், அறுபத்திரண்டு மனு,
நாளைக்குக் குலுக்கல்.
ஒரு மாத வாடகையை வாங்கிப் பையில் வைத்துவிட்டேன்;
பெயர் விழாவிட்டாலும் திருப்பித் தரமாட்டேன்,
அது ஆரோக்கியத்துக்கும் தெரியும்.

இன்று சாயங்காலம் அந்தப் பிள்ளை
பின்வாசலிலிருந்து முகப்பு வரை ஓடினாள்.
தொட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள்.
நடுவில் எங்கோ
ஒரு கிலோமீட்டரைத் தாண்டினாள்,
மறுபடி தாண்டினாள்.
"யாரு அது, ஓடாதே!" என்று
முகப்பிலிருந்து ஒரு சத்தம்.