தணிக்கைத் தடை எண் பதினேழுக்கு விளக்கம்

ஐயா,
வெல்டிங் ராடு, மூன்று புள்ளி ஒன்று ஐந்து எம்.எம்.,
பதினெட்டு குறைகிறது என்று
சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்கள்.
குறையவில்லை. செலவாகியிருக்கிறது.
மொட்டைத் துண்டுகள் எங்கே என்றும் கேட்டிருக்கிறீர்கள்.
நியாயம்தான்.
நான்கு ராடு கொடுத்தால் நான்கு துண்டு
எண்ணி வாங்கித் தகர டப்பாவில் போடுகிறவள் நான்.
பதினோரு வருடத்தில் அந்த டப்பா
என்னிடம் பொய் சொன்னதில்லை.

அரசாங்கம் நிறையக் கொடுத்திருக்கிறது,
அதை மறைக்கக் கூடாது.
புதுக் கொட்டகை.
தோளில் மாட்டிப் போகிற இன்வெர்ட்டர் மெஷின் இரண்டு.
பஸ் பாஸ், சைக்கிள், மாதம் எழுநூற்றைம்பது ரூபாய்;
மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் வரும்,
அன்று கேன்டீனில் பஜ்ஜி தீர்ந்துபோகும்.
பூட்ஸ் இருபது ஜோடி வந்தது, அத்தனையும் எட்டாம் நம்பர்.
வெல்டர் பயிற்றுநர்தான் வரவில்லை.
ஏழு மாதமாய் ஃபிட்டர் சார் கூடுதல் பொறுப்பு.

சுகப்பிரியாவுக்குக் கால் ஐந்து.
நுனியில் பழைய துப்பட்டாவைத் திணித்துக்கொண்டு
டக்டக்கென்று வருவாள்.
கழற்றிவிடேன் என்றால்,
'பொறிக்கு சைஸ் தெரியுமா மேடம்?'

அக்டோபர் முதல் வாரம்.
முள்ளியாற்றில் தண்ணீர் ஓடுகிறது,
ஆலந்திடலில் முளைத்த சம்பா வெடிப்பில் நிற்கிறது.
நடுவில் கோணவாய்க்கால் மதகு.
ஷட்டரின் தூக்குக் காது அறுந்துவிட்டது.
திருகைச் சுற்றச் சுற்றத் தண்டு மட்டும் மேலே வருகிறது,
பலகை கிடந்த இடத்தில் கிடக்கிறது.
துறையிலிருந்து வந்தார்கள், படம் எடுத்தார்கள்,
மதிப்பீடு போடுகிறோம் என்றார்கள்.
குறை சொல்லவில்லை. அவர்களுக்கும்
ஒரு தணிக்கை இருக்கும்.

சனிக்கிழமை. ஸ்டோர் ஜன்னலில் அவள்,
பின்னால் ரியாஸ்தீன், மணவழகன்.
'ஒரு மெஷின், பதினெட்டு ராடு.'
கரண்டுக்கு?
'சவுண்டு சர்வீஸ் ஜெனரேட்டர் மேடம்.
பக்கத்துத் தெருவில் காதுகுத்து.
மொய் எழுதும்போது பாட்டை நிறுத்திவிட்டுத் தருகிறார்களாம்.'
அங்கே ஒரு காது, இங்கே ஒரு காதா என்று சிரித்துவிட்டுப்
பதிவேட்டில் எழுதினேன்: பயிற்சி.
பொய்யா என்று அப்போது யோசிக்கவில்லை.
உங்கள் சிவப்பு மையைப் பார்த்தபின் யோசித்தேன்.

முதல் ஏழு ராடு வீண்.
ஈரத்துருவின் மேலேயே வைத்த பற்று
முதல் சுற்றில் பிய்ந்து விழுந்தது.
கரையில் நின்ற ஊர் சிரித்ததாம்.
பொட்டப்புள்ள வச்ச பத்து என்றாராம் ஒருவர்,
அவருடைய வயலும் அங்கேதான் காய்கிறது.
அந்த ஏழு ராடையும் வீண் என்றே எழுதிக்கொள்ளுங்கள்,
எனக்கு ஆட்சேபம் இல்லை.

அதன்பிறகு கம்பி பிரஷ்ஷோடு உட்கார்ந்து
வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டியிருக்கிறாள்.
இருட்டிவிட்டது. சாரத்தில் சாக்கு விரித்து,
மணவழகன் டார்ச் பிடிக்க,
மீதிப் பதினொன்று.
மணி ஒன்பதரைக்குப் பலகை ஒரு சாண் எழும்பியதாம்.
நான் பார்க்கவில்லை.
ஞாயிறு எனக்கு விடுமுறை.

திங்கள் காலை மெஷின் வந்தது, பட்டையில் சேறு.
துண்டுகள் மதகடியில் விழுந்துவிட்டன என்றாள்.
இரண்டைத்தான் பொறுக்க முடிந்ததாம்.
அவ்விரண்டும் இத்துடன் நூலில் கட்டி
இணைக்கப்பட்டுள்ளன.

பிடித்தம் செய்வதானால்
ராடு ஒன்றுக்குப் பதினான்கு ரூபாய்,
என் சம்பளத்தில் செய்துகொள்ளலாம்.
பயிற்சி என்ற சொல்லை மட்டும்
அடித்துத் திருத்த மாட்டேன்.
ஏழு பிய்ந்து பதினொன்று நின்றதற்கு
வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

மேலும், இக்கடிதத்தோடு கேட்கக் கூடாதுதான்,
வரும் ஆண்டுத் தேவைப் பட்டியலில்
என் பக்கம் இடம் இல்லாததால் இங்கேயே எழுதுகிறேன்:
பூட்ஸ், ஐந்தாம் நம்பர்,
மூன்று ஜோடி.

இப்படிக்கு,
ஹ. நூர்ஜமீலா,
பண்டகக் காப்பாளர்.